மேஜைக்கு எதிர்ப்பக்கம்

நடந்தவை, நடந்த வரிசையில்:

1. ஐப்பசி மழையில் எங்கள் தையல் கூடத்துக்கு ஒரு பெண் வந்தார். இறந்துபோன அக்காவின் இரண்டு பெண் பிள்ளைகள் அவர் பொறுப்பில் இருந்தார்கள்.

2. பெரியவள் அவரோடு வீட்டில் இருந்தாள். சின்னவள் உடுமலை ரோட்டில் ஒரு பிள்ளைகள் இல்லத்தில் இருந்தாள்.

3. வீட்டுக்கு நிலையான வருமானம் வந்தால், பள்ளி திறக்கும் ஜூன் மாதத்தில் சின்னவளை அனுப்பிவைப்பதாக இல்லத்தார் சொன்னார்கள்.

4. நான் அந்தப் பெண்ணுக்கு ஓவர்லாக் மிஷின் ஓட்டக் கற்றுக்கொடுத்தேன்.

5. தை மாதம் அவருக்கு ஒரு பனியன் கம்பெனியில் டெய்லர் வேலை கிடைத்தது.

6. வருமானம் வந்தது.

7. சின்னவள் வரவில்லை. அதற்குக் காரணம் நான் எழுதிய கடிதம்.

ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவில் ஒரு வரி இல்லை. அது எனக்குத் தெரியாமல் நடந்ததால் நோட்டில் நான் எழுதவில்லை. தெரிந்துகொண்டிருக்க வேண்டியவள் நான்தான்.

நான் கோயம்புத்தூரில் பாலிடெக்னிக் முடித்தவள். வகுப்பில் பெண்கள் மூன்று பேர். படிப்பு முடிந்ததும் திருப்பூரில் ஒரு சிறிய சங்கம் நடத்திய தையல் கூடத்தில் டீச்சராகச் சேர்ந்தேன். தாய் தகப்பன் இல்லாத பிள்ளைகளை எடுத்து வளர்க்கும் வீடுகளுக்கு ஒரு தொழிலைக் கையில் கொடுப்பது அந்தச் சங்கத்தின் வேலை. அரிசி கொடுத்தால் அந்த மாதத்தோடு தீர்ந்துவிடும். தொழில் இருந்தால் பிள்ளைகளை வேறெங்கும் அனுப்பாமல் அந்த வீடே வைத்துக்கொள்ளும் என்று தலைவி அம்மா சொல்வார். பழைய பஞ்சுக் குடோன் ஒன்றை வாடகைக்கு எடுத்து, ஒரு கம்பெனி கழித்துப்போட்ட இரண்டு ஓவர்லாக் மிஷின்களை வாங்கிப் போட்டிருந்தார்கள். ஒன்றில் மோட்டார் அடிக்கடி சூடாகும். அதைக் கழற்றிப் பூட்டுவது என் காலை வேலை.

அந்த வருடங்களில் பனியன் கம்பெனிகளில் மிஷினில் உட்கார்ந்தவர்கள் பெரும்பாலும் ஆண்கள். பெண்கள் தைத்த துணியில் பிசிர் வெட்டினார்கள், மடித்தார்கள், பெட்டியில் அடுக்கினார்கள். கூலி வித்தியாசம் பெரிது. பெண்களை மிஷினில் உட்காரவைத்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது என்று நான் நம்பினேன்.

அந்தப் பெண்ணுக்கு முப்பது வயது இருக்கும். பிள்ளைகள் அவரைச் சித்தி என்று கூப்பிட்டதால் எனக்கும் அவர் சித்திதான். பத்து வருடமாகப் பிசிர் வெட்டிக்கொண்டிருந்தவர். மழைக்காலத்தில் சலவை செய்த துணி களத்தில் காயாது. துணி காயாவிட்டால் கட்டிங் இல்லை, தையல் இல்லை, பிசிரும் இல்லை. கம்பெனியே படுத்துவிடும்.

"மழை நிக்கறமுட்டும் ஊட்டுல சும்மாதானுங்க இருக்கறன். சும்மா இருக்கறதுக்கு உங்க மிஷினையாச்சும் ஒடச்சுப் பாக்கலாமுன்னு வந்தனுங்க" என்றார் முதல் நாள்.

அவருடைய அக்காவும் மாமாவும் பொங்கலூர்ப் பக்கம் தோட்டத்து வேலையில் இருந்தவர்கள். மாமா கிணறு வெட்டும் வேலையில் இறந்துபோனார். அக்கா அடுத்த வருடம் மஞ்சள் காமாலையில் போனார். சித்தியின் கணவரோ அதற்கு முன்பே பாலக்காட்டுப் பக்கம் வேலை தேடிப் போனவர், திரும்பவில்லை. இரண்டு பிள்ளைகளையும் சித்தி கூட்டிக்கொண்டு வந்தபோது சின்னவளுக்கு நாலு வயது. பெரியவள் பள்ளிக்கூடம் போய்விடுவாள், சித்தி கம்பெனிக்குப் போய்விடுவார்.

"சின்னவள உள்ள உட்டுக் கதவப் பூட்டிட்டுப் போவனுங்க. ஒரு நாள் பொழுதோட வந்து தொறக்கறன், கதவு நவுரமாட்டீங்குது. உள்ளார கதவுல சாஞ்சு ஒக்காந்தாப்புலயே தூங்கிட்டு இருந்தாளுங்க. அன்னைக்குத்தான் முடிவு பண்ணுனன்."

அப்படித்தான் சின்னவள் இல்லத்துக்குப் போனாள். நான் பார்க்கும்போது அவளுக்கு ஆறு வயது. இனி அவளும் பகலில் பள்ளிக்கூடம் போகலாம், பூட்டிவைக்க வேண்டியதில்லை. இல்லத்தை நடத்திய மதர் கண்டிப்பானவர், ஆனால் பிள்ளைகளை வைத்துக்கொள்ள ஆசைப்பட்டவர் இல்லை. மூன்று நிபந்தனைகள் சொன்னார்: மாதம் தவறாத வருமானம், மாலையில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள், வீட்டிலிருக்கும் பெரியவளும் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருக்க வேண்டும். மூன்றும் இருக்கிறது என்று சங்கத்திலிருந்து ஒரு கடிதம். எழுதவேண்டியவள் நான்.

பிள்ளைகளைப் பார்க்க மாதத்தின் முதல் ஞாயிறு மட்டும் அனுமதி. பஸ் கூலி ஒருவருக்குத்தான் கட்டும் என்பதால் சித்தி மட்டும் போவார். முதல் முறை நானும் கூடப் போனேன். சின்னவள் ஓடிவந்து சித்தியின் சேலையில் முகத்தை வைத்தாள். உடனே எடுத்துவிட்டாள்.

"சித்தி, உன்ற மேல என்னமோ வண்டி வாசம் அடிக்குது."

"மிஷின் எண்ணெ கண்ணு. சித்தி இப்ப மிஷின் ஓட்டறனில்ல."

"மிஷின்ல ஏறி இங்க வருவியா?"

"அது எங்கீமே போகாது சாமி. ஒரே எடத்துல நின்னுட்டுத்தான் ஓடும்."

அது என்ன மிஷின் என்பதுபோல அவள் என்னைப் பார்த்தாள். பிறகு அக்காவுக்குக் கேள்விகள் சொன்னாள். சித்தி மறந்துவிடுவார் என்று அவளுக்குச் சந்தேகம். நான் நோட்டைத் திறந்ததும் என் பக்கம் நகர்ந்து உட்கார்ந்து, ஒவ்வொன்றையும் நான் எழுதி முடிக்கும்வரை காத்திருந்து அடுத்ததைச் சொன்னாள். அந்தப் பக்கம் என்னிடம் இருக்கிறது:

அ. செவலை நாய் குட்டி போட்டுதா?

ஆ. அக்காளுக்கு யாரு சடை பின்னி உடறா?

இ. என்ற தட்டுல யாரு சோறு உண்றா?

ஈ. நான் வந்தா எங்க படுக்கறது, அக்கா பக்கமா, சித்தி பக்கமா?

மறுநாள் பெரியவள் பள்ளி விட்டதும் நேராகத் தையல் கூடத்துக்கு வந்தாள். பன்னிரண்டு வயது, ஏழாம் வகுப்பு, மெலிந்த கைகள். நான் வாசிக்க வாசிக்கப் பதில் சொன்னாள்.

"மூணு குட்டி போட்டுதுன்னு சொல்லுங்க. சடை நானே பின்னிக்கறன், கோணலாத்தான் வருதுன்னு சொல்லுங்க. தட்டுல ஆரும் உண்றதில்ல, கழுவிக் கவுத்தி வெச்சிருக்குதுன்னு சொல்லுங்க." நாலாவது கேள்விக்குக் கொஞ்சம் யோசித்தாள். "நடுவுல படுக்கச் சொல்லுங்க டீச்சர்."

மாதா மாதம் இது நடந்தது. நான் சொந்தக் காசில் சித்தியோடு பஸ் ஏறினேன். ஞாயிறு கேள்விகள், திங்கள் பதில்கள். வாரத்தின் மற்ற நாட்களில் நான் அந்தத் திங்கட்கிழமைக்காகக் காத்திருந்தேன் என்பதை இப்போது ஒப்புக்கொள்ளலாம். என் சொந்த வீட்டில் அப்படி யாரும் யாரையும் விசாரித்துக்கொண்டதில்லை.

சித்தி மிஷினை வேகமாகப் பிடித்துக்கொண்டார். முதலில் நூல் கோக்காமல் செய்தித்தாளில் கோட்டின் மேல் ஓட்டவைத்தேன். பிறகு வேஸ்ட் துணி. பனியன் துணி இழுத்தால் இழுபடும், இழுத்துத் தைத்தால் ஓரம் அலை அலையாக வரும். பத்து வருடம் நூலை இழுத்து வெட்டிய கை சும்மா இருக்காது.

"இழுக்காதீங்க."

"இழுக்கலீங்க டீச்சர். அதுவா வருது. மாமியா ஊட்டுக்குப் போற புள்ளயாட்டம் முன்னால ஓடுது பாருங்க."

மார்கழியில் தையல் நேராக வந்துவிட்டது. நான் கடிகாரம் வைத்து வேகத்தைக் குறித்தேன். சித்தி மிஷினில், நான் மேஜைக்கு எதிர்ப்பக்கம் ஸ்டூலில். முன்பாகத்தையும் பின்பாகத்தையும் ஜோடி சேர்த்து அவர் கையில் கொடுப்பேன். தைத்து வருவதை வாங்கி, நூலை அறுத்து, அடுக்குவேன். ஒரு மணி நேரத்தில் எத்தனை டஜன் என்று எழுதுவேன். கம்பெனி டெய்லர்களின் வேகத்துக்குக் கொஞ்சம்தான் குறைவு. எல்லாப் பெண்களுக்கும் இப்படித்தான் வேகம் எடுத்தேன். அந்த ஸ்டூலில் உட்காருவது தனி வேலை, அதற்குக் கம்பெனியில் கைமடி என்று பெயர், அதற்குத் தனியாக ஓர் ஆள் உண்டு என்பது எனக்குத் தெரியாததல்ல. நான் செய்ததும் அந்த வேலைதான் என்பதுதான் எனக்கு உறைக்கவில்லை. நான் டீச்சர், உதவி செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன்.

தை பிறந்ததும் சித்தியை ஒரு கம்பெனிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். மேஸ்திரி ஒரு கட்டுத் துணியைப் போட்டு ஓட்டிக்காட்டச் சொன்னார். பழக்கத்தில் நான் எதிரே போய் உட்கார்ந்து துண்டுகளை எடுத்துக்கொடுத்தேன். மேஸ்திரி சிரித்தார்.

"ஏனுங்க டீச்சர், நீங்களே கைமடிக்கு வந்தர்றீங்களா? படிச்ச கைமடி எங்க கம்பெனிக்கு இதுவரைக்கும் கெடைக்கலீங்க."

அந்த வரிசையே சிரித்தது. நானும் சிரித்தேன். அவர் சொன்னது ஒரு கேள்வி என்று எனக்குத் தோன்றவில்லை. சித்திக்கு வேலை கிடைத்தது.

தையிலும் மாசியிலும் சம்பளச் சீட்டுகள் வந்தன. நான் கணக்குப் போட்டு வைத்ததைவிடக் கூடுதலாகவே இருந்தது. மாலையில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளப் பக்கத்து வீட்டு அம்மாள் சம்மதித்தார். மதரிடம் சொன்னபோது, "பரவாயில்லையே, ஜூனில் கூட்டிக்கொண்டு போங்கள்" என்றார். சின்னவள் தன் உடுப்புகளை ஒரு தலையணை உறைக்குள் கட்டத் தொடங்கிவிட்டாள் என்று இல்லத்து ஆயா சொன்னார். நான் வேறு பெண்களிடம் சித்தியை உதாரணம் காட்டினேன்.

திங்கட்கிழமைகளில் பெரியவள் வருவது மட்டும் நின்றிருந்தது. பரீட்சைக்குப் படிக்கிறாள் என்று சித்தி சொன்னார். பதில்களை அவரே வாங்கி வந்து சொன்னார்.

பங்குனியில் ஒரு நாள் மிஷினுக்கு ஒரு கத்தி வாங்க அந்தக் கம்பெனிப் பக்கம் போனேன். சித்தியைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று உள்ளே நுழைந்தேன். சித்தி குனிந்து ஓட்டிக்கொண்டிருந்தார், நல்ல வேகம். எதிரே ஸ்டூலில் பெரியவள் உட்கார்ந்து முன்பாகத்தையும் பின்பாகத்தையும் ஜோடி சேர்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

என்னைப் பார்த்தும் அவள் கை நிற்கவில்லை. தைத்து வந்ததை வாங்கினாள், நூலை அறுத்தாள், அடுக்கினாள். நான் செய்ததைவிடச் சுத்தமாகச் செய்தாள்.

மேஸ்திரியிடம் போனேன்.

"கைமடி கம்பெனி குடுக்கறதில்லீங்க அம்மிணி. டெய்லருங்க அவங்கவங்க ஆளக் கூட்டிட்டு வரோணும். பொண்டாட்டியோ, தம்பியோ, ஆரோ. ஊர்ல எல்லாக் கம்பெனியிலயும் அப்படித்தானுங்க. உங்களுக்குத் தெரியாதுங்களா?"

மதியம் சோற்று நேரத்தில் சித்தி வெளியே வந்தார். என்னை நேராகப் பார்த்துத்தான் பேசினார்.

"நீங்க துண்டு எடுத்துக் குடுத்தீங்க, நான் அத்தன டஜன் ஓட்டுனன். இங்க வந்து ஒண்டியா ஒக்காந்தா அதுல பாதி கூட ஆகலீங்க. மூணு நாளுப் பாத்தாரு மேஸ்திரி. நாலா நாளு, ஆளு கூட்டிட்டு வா, இல்லீனா பிசிருக்கே போன்னுட்டாரு. வெளியாளு வெச்சா கூலில பாதி போயிருமுங்க. அப்பறம் மதர் கேட்ட வருமானத்துக்கு நான் எங்க போறது? பெரியவதான் நான் வர்றன் சித்தின்னா."

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே."

"சொன்னா என்ன பண்ணியிருப்பீங்க? தெனமும் வந்து எதிர்ல ஒக்காருவீங்களா?"

பிறகு அவரே தணிந்து சொன்னார்: "ஜூன்ல சின்னவ வந்துட்டா இவளத் திருப்பி அனுப்பிரலாமுன்னு இருந்தனுங்க."

"அப்ப கைமடிக்கு யாரு?"

"அத அப்பப் பாத்துக்கலாமுங்க" என்றார். சாப்பிடும் வாய் ஒன்று கூடிய பிறகு அது நடக்காது என்று இருவருக்கும் தெரிந்தது.

பெரியவள் தண்ணீர்த் தொட்டியில் கை கழுவிக்கொண்டிருந்தாள். விரலிடுக்குகளில் பஞ்சுத் தூசி. நான் பக்கத்தில் போய் நின்றதும் முந்திக்கொண்டு பேசினாள்.

"நீங்க கடுதாசில எழுதீராதீங்க டீச்சர்."

"பள்ளிக்கூடம் போக வேண்டாமா?"

"பள்ளிக்கூடம் அங்கயேதான இருக்கும். பாப்பா அங்கயே வளந்து போயிருமுங்களே."

அதன்பின் ஏப்ரல் முழுவதும் நான் வழி தேடினேன். தேடியவற்றை எழுதி வைத்திருக்கிறேன். வெளியாளைக் கைமடி வைக்கச் சங்கத்தில் மாதா மாதம் ஒரு தொகை கேட்டேன்; தொழில் கொடுப்பதுதான் விதி, மாதப்படி கிடையாது என்றார்கள். என் சம்பளத்திலிருந்து தருகிறேன் என்று மதரிடம் போய்ச் சொன்னேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ கல்யாணமாகிப் போய்விட்டால் அந்தப் பிள்ளையைத் திரும்பக் கொண்டுவந்து விடுவார்களா அம்மா?" என்று கேட்டார்.

கடைசியில் எங்கள் கூடத்திலேயே பயின்ற இன்னொரு பெண் நினைவுக்கு வந்தார். கைத்தறிக் குடும்பம், அண்ணன் போனபின் அண்ணன் பிள்ளைகளை வளர்த்தவர். அவருக்கும் இதே காரணத்தால் எந்தக் கம்பெனியிலும் இடம் கிடைத்திருக்கவில்லை. இருவரும் ஒரே மிஷினில்: காலையில் ஒருவர் ஓட்ட மற்றவர் கைமடி, மதியத்துக்கு மேல் மாற்றி. கூலி சரிபாதி. மேஸ்திரியிடம் சொன்னேன்.

"ரெண்டு பேருமே டெய்லரு, ரெண்டு பேருமே கைமடி. இதென்னங்க, ஓரகத்தி ஓரகத்தி மொறை வெச்சுச் சமைக்கறாப்புல இருக்குது" என்றார். ஆனால் சம்மதித்தார்.

சரிபாதி என்றால் சித்தியின் வருமானம் பாதி. பிசிர் வெட்டியதைவிடக் கூடுதல்; மதர் கேட்டதைவிடக் குறைவு. இப்படிச் செய்தால் பெரியவள் பள்ளிக்குப் போகலாம், சின்னவள் வர முடியாது. பழையபடியே விட்டால் சின்னவள் வரலாம், பெரியவள் அந்த ஸ்டூலை விட்டு எழுந்திருக்க மாட்டாள். இரண்டையும் சித்தியிடம் சொன்னேன்.

"நீங்க நல்லவிங்க டீச்சர்" என்றார் சித்தி. "நல்லவிங்களுக்கு ரெண்டு புள்ளையில ஒண்ணுதான் கண்ணுக்குத் தெரியுது."

மறுநாள் சித்தி பெரியவளைக் கம்பெனிக்குக் கூட்டிவரவில்லை. அதை நான் சொல்லிச் செய்தாரா, தானே செய்தாரா என்று நான் கேட்கவில்லை. கைத்தறிக்கார அம்மாள் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். நான் கடிதத்தில் நடந்ததை நடந்தபடி எழுதினேன். பெரியவள் மூன்று மாதம் கம்பெனிக்குப் போனதையும் எழுதினேன். பதில் ஒரு வாரத்தில் வந்தது: வருமானம் குறைவுதான்; ஒரு மழைக்காலம் முழுக்க அதுவாவது தடைபடாமல் வரட்டும், அடுத்த வருடம் பார்க்கலாம்.

ஜூன் முதல் ஞாயிறு சித்தியும் நானும் போனோம். சின்னவள் தலையணை உறைக் கட்டோடு வாசல் படியில் உட்கார்ந்திருந்தாள். சித்தி பக்கத்தில் உட்கார்ந்து, மழை முடிந்த பிறகு கூட்டிப்போகிறேன் என்று சொன்னார்.

"மழை நின்னதுக்கு அப்பறமா?"

"ஆமா கண்ணு."

சின்னவள் அண்ணாந்து பார்த்தாள். வைகாசி வெயில், வானத்தில் ஒரு துண்டு மேகம் இல்லை. "இன்னும் மழையே வரலியே சித்தி" என்றாள். பிறகு அந்தக் கட்டை மடியில் வைத்துக்கொண்டாள். அன்று கேள்வி எதுவும் சொல்லவில்லை. நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நான் காத்திருந்தேன். புறப்படும் நேரத்தில் ஒன்றே ஒன்று சொன்னாள்: "அக்காளுக்கு என் மேல கோவமா?"

திங்கள் காலை பெரியவளைப் பள்ளிக்கூட வாசலில் பார்த்தேன். பரீட்சை எழுதாததால் மறுபடியும் ஏழாம் வகுப்பு. தன்னைவிடச் சின்னப் பிள்ளைகளோடு வரிசையில் நின்றிருந்தாள். நான் நோட்டை எடுத்தேன்.

"வேண்டாங்க டீச்சர்" என்றாள். குரலில் மரியாதை குறையவில்லை. "நான் போறப்ப நானே கேட்டுக்கறன்."

அந்த ஐப்பசியில் மழை நன்றாகப் பெய்தது. ஊருக்கெல்லாம் சந்தோஷம். களத்தில் துணி காயவில்லை, கம்பெனி படுத்துவிட்டது. வருமானம் நின்றுபோனது. அதற்கடுத்த வருடமும் அப்படியே. இல்லத்தில் லீவு விடும் பொங்கலுக்கும் சித்திரைக்கும் சின்னவள் வந்து போனாள். "விருந்துக்கு வந்த ஒறம்பறையாட்டம் வர்றாளுங்க" என்று சித்தி ஒரு முறை சொன்னார். "சோத்தப் போட்டா, போதுங்கறா. உண்ட தட்ட அவளே கழுவி வெக்கறா. எந்திரிச்சா பாயச் சுருட்டி வெக்கறா. அதெல்லாம் அங்க பழக்குனதுங்க."

என் பாடமுறையை மாற்றிவிட்டேன். இப்போது யாரையும் தனியாகச் சேர்ப்பதில்லை. இரண்டு இரண்டு பேராகத்தான் வரவேண்டும். வேகம் எடுக்கும்போது நான் சுவரோரம் நிற்கிறேன். கைமடியை டெய்லரே கூட்டிவர வேண்டும் என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள ஒரு நாள் போதுமாயிருந்திருக்கும். திருப்பூரில் யாரைக் கேட்டாலும் சொல்லியிருப்பார்கள்.

இன்றைய நிலை இது. சித்தியும் கைத்தறிக்கார அம்மாளும் அதே கம்பெனியில் அதே மிஷினில் இருக்கிறார்கள். சலவைக்குப் போகாத துணியில் பிள்ளைகள் ஜட்டி தைக்கும் ஒரு கம்பெனி முதலிபாளையம் ரோட்டில் இருக்கிறது. மழை மாதங்களுக்கு மட்டும் அங்கே மிஷின் கேட்டிருக்கிறோம், இன்னும் பதில் வரவில்லை. பெரியவள் ஒன்பதாம் வகுப்பில் இருக்கிறாள். என்னிடம் பேசுவாள், கேட்டதற்கு மட்டும். சின்னவளுக்கு ஒன்பது வயது. அவள் இல்லத்தில் இருக்கிறாள்.